எல்லாமே வெளியூர் ஆட்டம்

கால்பந்து ரசிகர்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். சொந்த மைதானத்தில் உட்கார்ந்து கத்துகிறவர்கள் ஒரு வகை. தன் அணி வெளியூர் ஆடப் போகும்போது கூடவே கிளம்பிப் போய் அங்கே கத்துகிறவர்கள் இன்னொரு வகை. சின்னசேலத்துக்காரன் இதில் எங்கே சேர்வான் என்று எனக்குப் பல காலமாகச் சந்தேகம். சென்னையின் எஃப்.சி. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடினால் நான் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டிப் போகவேண்டும். அதே அணி பெங்களூருக்குப் போனால் ஆத்தூர், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். கோயம்புத்தூரில் ஏதாவது ஆட்டம் என்றால் சேலம், பெருந்துறை, அவிநாசி. எந்தப் பக்கம் கிளம்பினாலும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. எல்லா மைதானங்களிலிருந்தும் சம தூரத்தில் ஒரு ஊர் வேண்டும் என்று யாரோ காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, முள் குத்திய இடத்தில் எங்கள் ரயில்வே ஸ்டேஷனைக் கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே எங்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. எல்லாமே வெளியூர் ஆட்டம்.

"டிவியில பாத்தா அந்தக் கோலு கோலு இல்லையா?" என்று என் மனைவி கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பதினைந்தாயிரம் பேரோடு சேர்ந்து கத்துவதில் ஒரு விடுதலை உண்டு. வீட்டில் அந்தச் சத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு போட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் இந்தப் பதிலை அவளிடம் சொல்லவும் அனுமதி இல்லை என்பதால், "அது வேற, இது வேற" என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

நான் மக்காச்சோள மண்டியில் கணக்கு எழுதுகிறவன். ஊரான் சோளத்தில் ஈரம் எவ்வளவு, சாக்குக்குக் கழிவு எவ்வளவு, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி எவ்வளவு என்று பைசா பிசகாமல் எழுதுகிற கை, சொந்தச் செலவு என்று வந்ததும் திடீரென்று தாராள மனசு கொண்டுவிடும். சென்னையில் ஆட்டம் பார்த்துவிட்டு வந்ததும், "எவ்ளோ ஆச்சு?" என்பாள். "டிக்கெட் சில நூறு ரூபாதான்" என்பேன். அது உண்மை. அவளிடம் நான் சொன்ன உண்மைகளிலேயே அதிகம் ஏமாற்றுகிற உண்மை அதுதான்.

அவளோ ஏமாறுகிறவள் இல்லை. மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பந்து' என்று தலைப்பிட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். முதல் வரி, பஸ். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து இரண்டாவது வரி ஒன்று சேர்ந்துகொண்டது: கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரோ ஊரப்பாக்கமோ போய், மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேட்டுக்கு நடப்பது. சென்னை வந்துவிட்டது என்று பஸ்காரர் இறக்கிவிட்டபிறகும் முப்பது கிலோமீட்டர் பாக்கி. அப்புறம் வாசலில் விற்ற கொடி. முகத்தில் தீட்டிய நீலச் சாயம். அந்தச் சாயம் போகத் தேய்த்த தேங்காய் எண்ணெய். கத்தியதில் கட்டிய தொண்டைக்கு மாத்திரை. ராத்திரி எழும்பூரில் கிளம்பும் சேலம் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை ஊர் வந்து சேர்ந்து, மண்டிக்குப் போகாமல் தூங்கியதில் போன ஒரு நாள் சம்பளம். போனதற்குப் பரிகாரமாக வீட்டுக்கு வாங்கி வந்த இனிப்பு. டிக்கெட் என்பது இந்தப் பட்டியலில் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு வரி மேலே, யாரும் கவனிக்காத இடத்தில் கிடக்கிறது.

ஜெர்சியைத் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அது முதலீட்டுச் செலவாம். இருப்பதிலேயே பெரிய அளவு கேட்டு வரவழைத்த அந்த நீல ஜெர்சி, வயிற்றுக்கு மேலே வந்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை அதை மண்டிக்குப் போட்டுக்கொண்டு போனேன். மூட்டை தூக்குகிற தம்பி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தண்ணி கேன் கம்பெனிக்கு மாறிட்டீங்களா?" என்றான்.

இந்த நிலைமையில்தான் இங்கிலாந்துக்காரர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். வெளியூர் ரசிகனுக்கு டிக்கெட் விலை தாங்கவில்லை என்று அங்கே பெரிய கலகமே நடந்திருக்கிறது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்துக்குப் போகவேண்டிய மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்டு. அன்றைக்கு நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல். ஒதுக்கிய 3,000 டிக்கெட்டில் தொள்ளாயிரத்துச் சொச்சம் விற்காமல் திரும்பிப் போனது. 2015 அக்டோபரில் அதே மைதானத்துக்கு வந்த பாயர்ன் மியூனிக் ரசிகர்கள், 64 பவுண்டைக் கொடுத்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் இருக்கைக்கு வராமல் ஸ்டாண்டைக் காலியாகப் போட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். பணம் கொடுத்தும் ஐந்து நிமிட ஆட்டத்தைப் பார்க்காமல் விடுவது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் புரியாத போராட்டம். கொடுத்த காசுக்கு வார்ம்-அப்பையும் சேர்த்துப் பார்க்கிற கூட்டம் நாங்கள்.

அங்கே 'இருபதே போதும்' என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். வெளியூர் டிக்கெட் இருபது பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது கோரிக்கை. இருபது கிடைக்கவில்லை. 2016 மார்ச்சில் பிரீமியர் லீக் கிளப்புகள் கூடிப் பேசி, 2016-17 சீசனிலிருந்து வெளியூர் ரசிகனுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று உச்சவரம்பு கட்டின. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கிலும் வரம்பு உண்டு. 2024-25இல் 60 யூரோ, அடுத்த சீசனில் 50. காரணம் தர்மசிந்தனை மட்டும் இல்லை. எதிரணி மூலையிலிருந்து சத்தம் வராவிட்டால் சொந்த ஊர்க்காரனும் தூங்கிவிடுவான், டிவியில் பார்க்கிறவனும் சேனலை மாற்றிவிடுவான். தூரத்திலிருந்து வருகிறவன்தான் ஆட்டத்துக்கு உப்புப் போடுகிறான் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், உப்பு என்கிற முறையில்.

ஒரு ராத்திரி இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன். உச்சவரம்பு, உரிமை, உலகம் முழுக்க நடக்கும் போராட்டம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"முப்பது பவுண்டுன்னா எவ்ளோ?"

"மூவாயிரத்துக்கு மேல."

"ரெண்டு சிப்பம் அரிசி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

எனக்குப் பிடித்தது ஸ்வான்சீ கதை. பொது உச்சவரம்பு வருவதற்கு முன்னாலேயே அந்த கிளப், தன் வெளியூர் ரசிகர்கள் 22 பவுண்டு கொடுத்தால் போதும், மீதியைத் தானே போட்டுக்கொள்வதாக ஏற்பாடு செய்தது. இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு மண்டி முதலாளியிடம் போனேன். ஸ்தாபனத்தின் கௌரவம், ஊழியர் நலன் என்றெல்லாம் பேசி, பஸ் செலவை மண்டி ஏற்றுக்கொண்டால் ஜெர்சியின் முதுகில் மண்டி பெயரைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னேன். முதுகில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அவர் கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாளைக்கு நாமக்கல்லுக்குக் கோழித் தீவன லோடு போவுது. டிரைவர் பக்கத்துல எடம் இருக்கு. ஏறிக்க. அங்க எதுனா ஆட்டம் இருந்தா பாத்துட்டு வா" என்றார்.

மிச்சமிருந்தது லிவர்பூல் வழி. 2016 பிப்ரவரி 6ஆம் தேதி, புதிய ஸ்டாண்டில் டிக்கெட் 77 பவுண்டு வரை போகும் என்ற அறிவிப்பை எதிர்த்து, லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் சரியாக 77ஆவது நிமிடம் எழுந்து வெளியே போனார்கள். அப்போது அவர்கள் அணி சண்டர்லேண்டை 2-0 என்று முந்தியிருந்தது. ரசிகர்கள் வெளியேறியபிறகு சண்டர்லேண்டு இரண்டு கோல் போட்டு ஆட்டம் 2-2. நான்கே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வை வாபஸ் வாங்கினார்கள். எழுந்து போவதற்கு இவ்வளவு சக்தியா என்று நான் அசந்துபோனேன்.

அன்று இரவு தோசை. பெங்களூரு ஆட்டத்துக்குப் போவது பற்றிக் கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டு அகராதியில் அது 'இல்லை'க்கு மரியாதையான வடிவம். இரண்டாவது தோசை பாதியில் இருக்கும்போது எழுந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே பதற்றம் ஏற்படும், பிள்ளைகளைத் தூது அனுப்புவார்கள், பேச்சுவார்த்தை தொடங்கும் என்பது என் எதிர்பார்ப்பு. உள்ளேயிருந்து வந்தது ஒரே ஒரு உத்தரவு: "உங்கப்பாவுக்குப் பசிக்கல போல. மாவை எடுத்து ஃப்ரிட்ஜுல வைடி." லிவர்பூல் முதலாளிகள் நான்கு நாள் தாங்கினார்கள். நான் அரை மணி நேரம் தாங்கினேன். அதிலும் பெரும்பகுதி கொசு அடிப்பதில் போனது.

இத்தனைக்கும் பெரிய வெளியூர் ஆட்டம் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன்; அதுவும் டிக்கெட்டுக்கு ஒரு பைசா கொடுக்காமல். 2018 மார்ச் 17, சனிக்கிழமை, ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் சென்னையினும் பெங்களூருவும். மச்சினன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அந்த ஊர் அணியின் பக்தன். "மாமா, ஒரு டிக்கெட் கூடுதலா இருக்கு, வர்றீங்களா?" என்று போன் செய்தான். இலவச டிக்கெட்! வாழ்க்கையில் முதல் தடவையாக மளிகை நோட்டில் எழுத எதுவும் இருக்காது என்று நினைத்தேன்.

மனைவிக்குத் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்பது மட்டும் காதில் விழுந்தது. தம்பிக்கு என்று ஒரு சிப்பம் பொன்னி, மரவள்ளிக் கிழங்கு, புளி, வேர்க்கடலை, அத்தை கைப்பட இடித்த மிளகாய்த்தூள், கல்வராயன் மலைத் தேன் ஒரு பாட்டில். கால்பந்து ரசிகன் கொடியோடு போவான். நான் மளிகைக் கடையோடு போனேன். அந்த ஜனவரி 20ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் பஸ் கட்டணத்தைத் தூக்கியிருந்தார்கள். புறநகர் சாதாரண பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 42 பைசாவாக இருந்தது 60 பைசாவாகி, ஊரெல்லாம் மறியல் நடந்து, மாதக் கடைசியில் 58 பைசாவுக்கு இறங்கியிருந்தது. அந்த இரண்டு பைசா சலுகையை அரிசிச் சிப்பத்துக்குப் போட்ட லக்கேஜ் டிக்கெட் விழுங்கியது. மச்சினன் பிள்ளைகளுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்று ஓசூரில் ஒரு செலவு. அரிசியோடு சிட்டி பஸ்ஸில் ஏற முடியாமல் ஆட்டோ. அந்த ஆட்டோவுக்குக் கொடுத்த காசுக்கு மைதானத்துக்குள் ஒரு வரிசையையே வாங்கியிருக்கலாம்.

உள்ளே போனபிறகுதான் விலையில் சேராத ஒரு விலை தெரிந்தது. மச்சினன் வாங்கியிருந்தது அவன் அணி ரசிகர்கள் உட்காரும் பக்கம். சென்னையினுக்கும் நீலம், பெங்களூருக்கும் நீலம் என்பதால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஒன்பதாவது நிமிடம் உதாந்தா அனுப்பிய பந்தை சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோலாக்கினார். சுற்றிலும் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், உட்கார்ந்திருந்தால் நான் மட்டும் தனியாகத் தெரிவேன். எட்டே நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை மைல்சன் ஆல்வ்ஸ் முட்டி சமன் செய்தார். எனக்குள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, தொண்டை வரை வந்து, பக்கத்து இருக்கை மனிதரின் புஜத்தைப் பார்த்ததும் இருமலாக மாறியது. இடைவேளைக்கு முன் மைல்சன் மறுபடியும் ஒரு கார்னரில் முட்டினார், மறுபடியும் இருமினேன். அறுபத்தேழாவது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோல் போட்டபோது, அந்த மனிதரே பரிவோடு தன் தண்ணீரை நீட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கடைசி நேரத்தில் மிக்கு ஒன்று போட்டும் போதவில்லை. 3-2. சென்னையினுக்கு இரண்டாவது கோப்பை. என் அணி எதிராளி மண்ணில் கோப்பையைத் தூக்கும்போது, மச்சினன் தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் யுகாதி. ஊருக்குத் திரும்புகிற கூட்டம் பஸ்ஸெல்லாம் வழிந்தது. ஆம்னி பஸ் ஒன்றில் கேட்ட விலைக்கு நான் அந்த பஸ்ஸில் ஒரு சக்கரத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அரசு பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே வந்தேன். அதற்கு அப்புறம்தான், ஆள் நடமாட்டமில்லாத ஒரு டீக்கடை ஓரத்தில், அந்த மூன்று கோலுக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கத்தினேன். டீக்கடைக்காரர் சில்லறையை வேகமாகக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கோயம்புத்தூர் கதை இதைவிடக் கொஞ்சம் விசித்திரம். பெயர் சென்னை சிட்டி. ஆடியதோ கோவை நேரு ஸ்டேடியத்தில். 2018-19 ஐ-லீக்கில் பெட்ரோ மான்சி 21 கோல் போட, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி அந்த அணி சாம்பியனானது. சென்னைக்காரன் தன் ஊர்ப் பெயர் கொண்ட அணியின் சொந்த மைதான ஆட்டத்தைப் பார்க்க ஐந்நூறு கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது. வந்தால் அவன் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. எங்கள் ஊர் துயரம் தலைநகரத்துக்கும் பரவியதில் எனக்கு ஒரு சந்தோஷம் என்று சொல்லக்கூடாதுதான்.

ஒருநாள் மண்டியில் இந்தப் புலம்பலை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஆட்டம் பாக்க காசு குடுத்துப் போறீங்க. நாங்க மருந்து வாங்க, பத்திரம் பதிய, பையன காலேசுல சேக்க, எல்லாத்துக்கும் மல எறங்கி வரணும். எங்களுக்கு யாரு சாமி வரம்பு கட்றது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவர் சீட்டில் கழிவு எதுவும் போடாமல் விட்டேன்; முதலாளியிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது வீட்டில் புது ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும் கட்டத்தில் இருக்கிறது. நான் தனியாகப் போவதுதானே செலவு, குடும்பத்தோடு போனால் அது சுற்றுலா என்று மகள் ஒரு சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்தாள். அந்தப் பணத்துக்கு எல்லாருமாக மேகம் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, கச்சிராயபாளையத்தில் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று மனைவி சொல்லிப்பார்த்தாள். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், பெங்களூரு அணி சென்னைக்கு ஆட வரும்போது எல்லாரும் போவது என்று முடிவு. காலையில் ரங்கநாதன் தெரு, சாயந்திரம் மைதானம். ரங்கநாதன் தெருவுக்கு உச்சவரம்பு உண்டா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

"ஏங்க, டிக்கெட் அஞ்சு போடுங்க."

"நாம நாலு பேருதானே?"

"அம்மாவும் வர்றாங்க."

அத்தை உள்ளேயிருந்து வந்தார்கள். சேலைக்கு மேலே மகன் அனுப்பிய பெங்களூரு ஜெர்சி. "எம்புள்ள ஊரு கட்சிக்குத்தான் மாப்ள நான் கைதட்டுவேன். முன்னாடியே சொல்லிப்புட்டேன்."

எதிரணி ரசிகர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குவார்கள், கலந்து உட்கார வைக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். இந்த இடத்தில் திட்டம் உடையும் என்று நம்பினேன்.

"அப்படின்னா வயசானவங்கள அங்க தனியாவா விடறது?" என்றாள் மனைவி. "நீங்க அவங்களோட அந்தப் பக்கம் உக்காந்துக்குங்க. நாங்க மூணு பேரும் சென்னை பக்கம் உக்காந்துக்கறோம்."

"நானா? எதிரணி கூட்டத்துலயா?"

"பெங்களூருல உக்காந்து பழகினவருதானே."

மகன் என் ஜெர்சியை எடுத்துத் தன் மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, நீங்க அங்க இதப் போட முடியாதுல்ல? நான் போட்டுக்கறேன்."

அத்தைக்கு ஒரே ஒரு கவலைதான். "அந்தப் பக்கம் டிக்கெட்டு வெல கூடவா மாப்ள?"

"பெரிசா வித்தியாசம் இருக்காது அத்தை."

"அப்ப ஓரத்து சீட்டாப் பாத்துப் போடுங்க. எனக்குக் காலு நீட்டணும். புளிசோறு கட்டிக்கலாமா, உள்ள விடுவானா?"